எதிரணி அன்புச்செல்வி

யார் பின்னால் நடந்தாலும் கொஞ்ச தூரத்துக்குள் அவர்களுடைய நடை அன்புச்செல்விக்கு வந்துவிடும். வேண்டுமென்று செய்வதில்லை. அவள் குழந்தையாக இருந்ததிலிருந்தே அம்மா ரேணுகாம்பாள் இதைப் பார்த்துவருகிறாள். செங்கம் சாலையில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதி ஒன்றில் அறைகளைச் சுத்தம் செய்வது ரேணுகாம்பாளின் வேலை. கிரிவலத்துக்காகச் செருப்பில்லாமல் தார்ரோட்டில் கால் சுட நடக்கும் வெள்ளைக்காரர்களின் பின்னால் போனால், செருப்புப் போட்ட மகளும் தத்தித் தத்திப் போவாள். "இன்னாடி இது, பாத்தா கோச்சிக்கப் போறாங்க" என்று அம்மா தலையில் தட்டுவாள்.

கல்லூரியில் சேர்ந்ததும் அன்புச்செல்வி கபடிக்குப் பெயர் கொடுத்தாள். காற்றடித்தால் பறந்துவிடும் உடம்பு. உடற்கல்வி ஆசிரியை ஆர்த்தி யோசித்து யோசித்துப் பன்னிரண்டாவது ஆளாக அவளை எடுத்துக்கொண்டார். ஆடுவது ஏழு பேர். மீதிப் பேர் பெஞ்சில்.

முதல் ஆட்டத்தில் கல்லூரி தோற்றது. திரும்பும் வேனில், எதிரணிப் பெண் எப்படித்தான் நழுவினாள் என்று எல்லோரும் தலையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அன்புச்செல்வி சீட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அந்தப் பெண் இடுப்பை ஒடித்துத் திரும்பியதை அப்படியே செய்து காட்டினாள். ஓடும் வேனில் ஆர்த்தி மேடமும் எழுந்து நின்றுவிட்டார். "இன்னொரு தடவ செய்."

அன்றிலிருந்து அவளுக்கு அதுவே வேலை. அடுத்து எந்தக் கல்லூரியோடு ஆட்டமோ, அந்த அணியின் ரைடு பாடிப் போகும் பெண்ணைப் போனில் வீடியோவாகப் பார்ப்பாள். சாயங்காலம் அந்தப் பெண்ணாகவே கோட்டைத் தாண்டி வருவாள். கேப்டன் கீர்த்தனாவும் மற்றவர்களும் அவளை மடக்கிப் பிடித்துப் பழகுவார்கள்.

"வாடி செய்யாறு! நேத்து வந்தவாசியா இருந்தியே, எப்ப வீடு மாத்தின?" என்று அந்தந்த அணியின் ஊர்ப் பெயரைச் சொல்லியே கூப்பிடுவாள் கீர்த்தனா.

"வாடகை கம்மிக்கா, அதான்" என்று சொல்லிக்கொண்டே அவள் மூச்சுப் பிடித்துப் பாடி வருவாள். அடுத்த நொடி ஏழு பேரும் அவள் மேல் கிடப்பார்கள்.

அதன்பின் அணி எங்கேயும் தோற்கவில்லை. கல்லூரியில் அவளுக்கு 'எதிரணி' என்றே பெயர் வந்துவிட்டது. கிண்டல்தான், ஆனாலும் எல்லோருக்கும் செல்லம். டீக்கடைக்குப் போனால் முதல் போண்டா அவளுக்குத்தான்.

அவளுக்கு வேண்டியது போண்டா இல்லை. நிஜ ஆட்டத்தில் ஒரு தடவையாவது களத்தில் இறங்க வேண்டும். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் ரேணுகாம்பாள் அவளுடைய சீருடையை வாளியில் போடும்போது, "இத எதுக்குத் தொவைக்கணும்? மடிப்புகூடக் கலையல" என்பாள். அம்மா சாதாரணமாகத்தான் சொல்வாள். மகளுக்கு அன்று சோறு இறங்காது.

ஒருநாள் மேடத்திடம் கேட்டேவிட்டாள். "நீ போயி கால ஒடச்சிக்கினா இவளுங்க யாரப் புடிச்சிப் பழகுவாளுங்க?" என்றார் மேடம். பாராட்டுத்தான். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இறுதி ஆட்டம் ஆரணிப் பக்கத்து அணியோடு. அவர்களுடைய திலகவதி அந்த வருடம் பாடிப் போய்ப் பிடிபட்டது அபூர்வம். வலது தோளை இறக்குவாள். அந்தப் பக்கம் போகிறாள் என்று எல்லோரும் சாய்ந்ததும் இடது காலைப் பின்னால் வீசித் தொட்டுவிட்டு ஓடிவிடுவாள். வாரம் முழுக்க அன்புச்செல்வி திலகவதியாகவே இருந்தாள்.

ரேணுகாம்பாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்து கூட்டத்தின் கடைசியில் நின்றாள். கல்லூரி அணி ஒரு புள்ளி முன்னால் இருந்த நேரத்தில், முக்கிய ரைடர் வினோதினிக்குக் கால் பிசகியது. மேடம் பெஞ்சைப் பார்த்தார்.

"எறங்குடி."

கோட்டைத் தாண்டியபோதுதான் அன்புச்செல்விக்கு விளங்கியது, யாருடைய ஆட்டத்தை ஆடுவது என்று தெரியவில்லை. கை, கால் எல்லாம் திலகவதியாகவே இருந்தன. வலது தோள் இறங்கியது. இடது கால் பின்னால் போனது. ஆனால் எதிரே நின்றவர்கள் திலகவதியைத் தினமும் பார்க்கிறவர்கள். ஒருத்திகூடச் சாயவில்லை. வீசிய கால் அவர்கள் கையிலேயே போய் உட்கார்ந்தது. எதிரணியில் ஒருத்தி சிரித்தேவிட்டாள்.

சமநிலை. அவுட்டானவர்கள் உட்காரும் இடத்தில் அவள் போய் உட்கார்ந்தாள். முகத்தை மூடிக்கொள்ளத் தோன்றியது.

கடைசி ரைடுக்குத் திலகவதியே வந்தாள். வலது தோள் இறங்கியது. கீர்த்தனா தோளைப் பார்க்கவே இல்லை. காத்திருந்து, பின்னால் வந்த கணுக்காலை இரு கையாலும் பிடித்தாள். மற்றவர்கள் மேலே விழுந்தார்கள். விசில் ஊதியபோது அணி ஒரு புள்ளியில் சாம்பியன்.

எல்லோரும் குதித்தார்கள். உட்கார்ந்த இடத்திலேயே அழுதுகொண்டிருந்தவளைக் கீர்த்தனா இழுத்துத் தூக்கினாள்.

"ஏண்டி அழுவுற?"

"ஒரே ஒரு தடவ எறங்கினேன். அதுவும் அவுங்களுக்குத்தான் புள்ளி குடுத்தேன்."

"லூசு. இந்த ஒரு வாரத்துல உன்ன எத்தினி தடவ புடிச்சேன்? திலகவதி வந்தப்ப எனக்கு நீ வர்ற மாதிரியே இருந்துச்சி. வா, கப்பப் புடி!"

ஆர்த்தி மேடம் விடுமுறை முடிந்து பயிற்சி தொடங்கிய முதல் சாயங்காலம் அவளைக் கூப்பிட்டார். "இனிமே நீ யாராவும் வர வேணாம். நீயா வா. அசிங்கமா இருந்தாலும் பரவால்ல."

அசிங்கமாகத்தான் இருந்தது. முதல் மாதம் தன் காலே தனக்குத் தடுக்கி விழுந்தாள்.

இப்போது அன்புச்செல்வி இரண்டாம் வருடம் படிக்கிறாள். ஏழு பேரில் ஒருத்தியாக இறங்குகிறாள். பாடிப் போனால் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்புகிறாள், சில நாள் ஒரு புள்ளி கிடைக்கிறது. இந்த வருடம் அணி மூன்று ஆட்டம் ஆடி ஒன்றில் தோற்றிருக்கிறது.