முழுக்கதை அக்காவும் ஏழாவது வாசலும்

நூலகத்தில் புத்தகம் எடுத்துக் கொடுக்கும் அக்காவுக்கு வாசகர்கள் வைத்த பெயர் 'முழுக்கதை'. எந்தப் புத்தகத்தைப் பற்றிக் கேட்டாலும் முதல் பக்கத்தில் தொடங்கிக் கடைசி வரியில்தான் மூச்சு விடுவாள். இத்தனைக்கும் பதினான்கு வயதுவரை கேட்ட கேள்விக்குத் தலையை ஆட்டுவதோடு சரி. அந்த வயதில்தான் இளையோர் பிரிவில் ஒரு மாயாஜால நாவல் கையில் சிக்கியது. படித்து முடித்த கையோடு, பக்கத்து நாற்காலியில் இருந்த முன்பின் தெரியாத பெண்ணிடம் கதை முழுவதையும் கொட்டித் தீர்த்தாள். அன்று திறந்த வாய் இருபத்தாறு வருடமாக மூடவில்லை.

அந்த நாவலுக்குத்தான் இன்று கெடு. ஐந்து வருடமாக யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகாத புத்தகங்களைக் கழிக்கச் சொல்லி உத்தரவு. ஐந்து மணிக்குப் பழைய காகித லாரி வரும். ஊழியர்கள் எடுத்தால் செல்லாது. அவள் கெஞ்சாத கெஞ்சல் இல்லை. புதிதாக மாற்றலாகி வந்த கண்காணிப்பாளர் ஒரேயடியாகச் சொல்லிவிட்டார்.

"அஞ்சு மணிக்குள்ள ஒருத்தராவது எடுத்துட்டுப் போகட்டும். பட்டியல்ல இருந்து அடிச்சிடறேன்."

மூன்றரைக்கு ஒரு கல்லூரி மாணவி வந்து, "நல்ல கதையா ஏதாச்சும் இருக்காக்கா?" என்றாள். கேட்க வேண்டுமா! அக்கா அந்த நாவலைத் தொடங்கிவிட்டாள். மாணவி கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். முடிவில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சூப்பர்க்கா, படம் பார்த்த மாதிரியே இருந்துச்சு!" என்று சொல்லிவிட்டு, ஒரு நொடிகூட யோசிக்காமல் சமையல் புத்தகத்தோடு கிளம்பிவிட்டாள்.

கண்காணிப்பாளர் பின் அலமாரிகளிலிருந்து தள்ளுவண்டியோடு வந்தார். "எடுக்கலையா?"

"முழுக்கதையும் கேட்டா சார். அழுதுட்டா."

"முழுசும் சொல்லிட்டா, அப்புறம் எதுக்கும்மா அவ புத்தகத்தத் தூக்கிட்டுப் போகணும்?"

அவளுக்குச் சுரீர் என்றது. இத்தனை வருடத்தில் எத்தனை பேர்! எல்லோரும் மனசு நிறைந்து, கை வீசிக்கொண்டல்லவா போனார்கள்? ஆசைப்பட்ட புத்தகத்துக்கு அவள் வாயே எமனாகி இருந்தது. ஆனால் நாவலில் வரும் பெண்ணைக் கோட்டையின் ஏழாவது வாசலில் நிற்க வைத்துவிட்டுக் கதையை நிறுத்த ஒருநாளும் அவளுக்கு மனசு வந்ததில்லை.

நாலு நாற்பது. இரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் அம்மாள் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்தார். தினமும் வருவார், புத்தகம் எடுத்ததே இல்லை. அக்கா ஓடிப்போய் வழிமறித்தாள்.

"ஒரு பொண்ணு, காணாமப் போன தம்பியத் தேடி ஒரு கோட்டைக்குப் போறாம்மா. ஏழு வாசல். ஒவ்வொரு வாசலும் ஒரு ஞாபகத்தக் கேக்கும், கொடுத்தாத்தான் திறக்கும். அம்மா குரல், வீட்டுக்கு வழி, தன்னோட பேரு, எல்லாம் போயிடுச்சு. ஏழாவது வாசல்ல மிச்சம் இருக்கறது தம்பியோட ஞாபகம் மட்டும்தான். அதக் கொடுத்தா உள்ள போலாம். ஆனா யாரத் தேடி வந்தோம்னே தெரியாது."

"ஐயோ, கொடுத்தாளா?"

அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். தெருவில் லாரி ஹாரன் அடித்தது. தள்ளுவண்டியின் சக்கரச் சத்தமும் நின்றுபோனதை அவள் கவனிக்கவில்லை.

"ஏங்க, சொல்லுங்க!"

அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள், பதினான்கு வயதில் ஆட்டியதுபோல.

"சரி, எனக்கு அஞ்சுக்கு டியூட்டி. இன்னொரு நாள் கேக்கறேன்."

அம்மாள் வாசலை நோக்கி நடந்தார். இன்னொரு நாள் ஏது? சொன்னாலும் புத்தகம் போகும், சொல்லாவிட்டாலும் போகும். அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. வண்டியிலிருந்து புத்தகத்தை உருவி அம்மாளின் கையில் திணித்தாள். அவர் சட்டென்று கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். அக்கா அதன்மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள்.

அம்மாள் முறைத்தார். அப்புறம் பைக்குள் கைவிட்டு உறுப்பினர் அட்டையை மேஜையில் வீசினார். "போடுங்க முத்திரைய!"

நாலு ஐம்பத்தாறு. அக்கா குத்திய அவசரத்தில் முத்திரை கோணலாக விழுந்தது.

கண்காணிப்பாளர் பட்டியலில் ஒரு வரியை அடித்தார். நகரவில்லை. தொண்டையைச் செருமினார்.

"ஏம்மா... கொடுத்தாளா, இல்லையா?"

அக்கா முன்பதிவுச் சீட்டை அவர் பக்கம் தள்ளினாள். "பேரு எழுதுங்க சார். அவங்க திருப்பிக் கொடுத்ததும் உங்களுக்குத்தான்."

"எப்பக் கொடுப்பாங்க?"

"பதினாலு நாள் இருக்கு சார்."

"பதினாலா!" என்று அலறினார் அவர், பேனாவைத் தேடிக்கொண்டே.