மீனுக்கு அம்மை போட்ட வாரம்

மகள் கோயம்புத்தூரில் கல்லூரி விடுதிக்குப் போனபோது எங்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போனது இரண்டு தங்கமீன்களை. ஒன்று முழு ஆரஞ்சு. இன்னொன்று வெள்ளையும் சிவப்புமாகக் கொஞ்சம் குண்டு. போன நாளிலிருந்து பிள்ளைக்கு வீட்டு நினைப்புதான். படிப்பை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று இரண்டு முறை சொல்லியும் விட்டாள். அதனால் முதல் பருவத் தேர்வு முடியும்வரை கெட்ட சேதி எதுவும் அவள் காதில் விழக்கூடாது என்று நானும் மனைவியும் முடிவு செய்திருந்தோம். தினமும் சாயங்காலம் வீடியோவில் கூப்பிட்டு மீன்களைக் காட்டச் சொல்வாள். பார்த்துவிட்டுத்தான் சாப்பிடப் போவாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஆரஞ்சு மீனின் கன்னத்தில் வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்தேன். ரவையைத் தூவினாற்போல் பொடிப்பொடியாக இருந்தன. அது மட்டுமில்லை. தன் பாட்டுக்குத் திரிகிற மீன், அன்றைக்குக் குண்டு மீனைத் துரத்தித் துரத்தி அதன் வயிற்றில் முட்டிக்கொண்டிருந்தது. நான் அலுவலகத்தில் பிறர் எழுதிய கோப்புகளில் பிழை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவன். ஒன்று தப்பாக இருக்கிறது என்று கண்ணில் பட்டுவிட்டால் அதைத் திருத்தாமல் எனக்குச் சோறு இறங்காது.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தவள் நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அம்மையில்ல போட்டிருக்கு. மருந்து கிருந்துன்னு எதையும் ஊத்திப்புடாதீக" என்றாள்.

மீனுக்கு ஏது அம்மை என்று சிரித்தேன். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பேச்சு முடிந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் ஆன மனுஷன் நினைக்கிற நினைப்பா அது?

மத்தியானமே வளர்ப்பு மீன் கடைக்குப் போனேன். கடைக்காரர் என் போனில் இருந்த படத்தை ஒரு நொடி பார்த்தார். வெள்ளைப்புள்ளி நோய், ஒட்டுவாரொட்டி, விட்டால் இன்னொன்றும் போய்விடும் என்று சொல்லி ஒரு சின்னக் குப்பியில் நீல மருந்து கொடுத்தார். தினமும் காலையில் மனைவி வாசலில் கோலம் போடும் நேரம் பார்த்துச் சொட்டுக் கணக்கில் ஊற்றினேன். தொட்டிக்குப் பின்னால் கடல் படம் போட்ட நீலத்தாள் ஒட்டியிருந்ததால் தண்ணீர் நிறம் மாறியது அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாளிலிருந்து வீட்டில் எதுவுமே சரியாக இல்லை. குழம்பில் தாளிப்பு இல்லை. எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறவே இல்லை. எனக்கு ரத்த அழுத்தம் கூடியிருப்பதாக டாக்டர் சொன்னதற்குத்தான் இந்தத் தண்டனை என்று நினைத்து, காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு ஆஸ்பத்திரிச் சாப்பாட்டை வாய் பேசாமல் தின்றேன். நான்காம் நாள் சாயங்காலம் வந்து பார்த்தால் தொட்டித் தண்ணீர் பச்சையாகக் கிடந்தது. நீலம் ஊற்றினால் எப்படிப் பச்சையாகும்? கடைக்காரரைக் கேட்டேன். பாசி பிடித்திருக்கிறது என்று இன்னொரு குப்பி கொடுத்தார். அதையும் ஊற்றினேன். தண்ணீர் இன்னும் கலங்கியது. மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். கலங்கிய தண்ணீரைப் பார்த்து ஒரு மனுஷிக்கு ஏன் திருப்தி வர வேண்டும் என்று எனக்கு விளங்கவே இல்லை.

புள்ளியைப் பார்த்த அன்றைக்கே மகளிடம், இங்கே நெட் சரியில்லை, வீடியோ வராது, பேசுவதோடு சரி என்று சொல்லிவைத்திருந்தேன். சரிப்பா என்றாள்.

எட்டாம் நாள் குண்டு மீன் செத்து மிதந்தது. ஒரு புள்ளிகூட இல்லாத மீன். புள்ளி போட்டது மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. நோயாளி இருக்க, நோயில்லாதது போனது எப்படி?

உயிரோடிருந்ததை ஒரு வாளிக்கு மாற்றிவிட்டு, தொட்டியை இறைத்துக் கூழாங்கல்லை அள்ளினேன். அடியில் மஞ்சள் சேறு. அதற்குள் அழுகிய வேப்பிலை. நிமிர்ந்து மனைவியைப் பார்த்தேன். அவள் நீலம் ஏறிக் கிடந்த என் நகக்கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் அலுவலகம் போனதும் தினமும் அரைத்த மஞ்சளும் வேப்பிலையும் கரைத்து ஊற்றியிருக்கிறாள். அம்மை போட்ட வீட்டில் தாளிக்கக் கூடாது என்று தாளிப்பை நிறுத்தியிருக்கிறாள். தாயமங்கலத்து அம்மனுக்கு வேண்டியும் வைத்திருக்கிறாள். என் நீலமும் அவள் மஞ்சளும் சேர்ந்த பச்சையைத்தான் நான் பாசி என்றேன். வேப்பிலை நன்றாக இறங்குகிறது என்று அவள் நினைத்திருக்கிறாள். கோபம் எனக்குத்தான் முதலில் வந்தது. கத்தினேன். கேட்டு முடித்துவிட்டு, "நீங்க அன்னைக்குச் சிரிக்காம இருந்திருந்தா நான் சொல்லிட்டுத்தானே ஊத்தியிருப்பேன்" என்றாள்.

மிச்சம் இருந்த ஒன்றையாவது காப்பாற்ற வேண்டும். யாரைக் கேட்பது? மீனைப் பற்றி உண்மையில் தெரிந்தவள் எங்களுக்குத் தெரிந்து ஒரே ஆள்தான். தேர்வு முடிய இன்னும் நான்கு நாள் இருந்தது. வேண்டாம் என்று மனைவி தலையாட்டினாள். நான் மகளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

அழுவாள் என்று காத்திருந்தேன். அழவில்லை. புள்ளி எங்கெங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டாள். செவுள் மூடியிலும் முன்துடுப்பு ஓரத்திலும்தான், உடம்பில் வேறெங்கும் இல்லை என்றேன்.

"அது நோயில்லப்பா. முட்டை போடுற காலத்துல ஆம்பள மீனுக்கு அப்படி வரும். துரத்துறதும் அதுக்குத்தான். குண்டா இருந்தது முட்டைக்குத்தான் இருந்திருக்கும்."

தண்ணீர் பிடித்து ஒருநாள் முழுக்க வைத்திருந்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மாற்றச் சொன்னாள். எதையும் போட வேண்டாம், பிழைத்துக்கொள்ளும் என்றாள். இவ்வளவு நாளாக ஏனம்மா எங்களிடம் மீனைக் காட்டு என்று நீ சண்டை பிடிக்கவில்லை என்று, என்ன கேட்பதென்று தெரியாமல், கேட்டேன்.

"எனக்கு ஒரு வாரமா காய்ச்சல்ப்பா. வீடியோல பார்த்தா கண்டுபிடிச்சிருவீக. பதறிக்கிட்டு ரெண்டு பேரும் ஆளுக்கு ஒண்ணு செய்வீக. அதான் சொல்லல" என்றாள்.

மனைவி என் கையிலிருந்து போனைப் பிடுங்க வந்தாள். நான் கொடுக்கவில்லை. வீடியோவைப் போடு என்றேன். நெட் சரியாயிருச்சா என்று கேட்டுவிட்டுப் போட்டாள். பாதியாக இளைத்திருந்தாள்.