தம்பி வாங்கிய மாக்கல்

என் எழுத்து கோணலாக இருக்கும். பிழையும் நிறைய இருக்கும். நான்காம் வகுப்போடு ஏர் பிடிக்கப் போனவன். வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லக் கூச்சமாக இருப்பதால் எழுதுகிறேன்.

என் தம்பி பட்டாளத்தில் லாரி ஓட்டக் கப்பலேறி ஆப்பிரிக்கா போனான். சண்டை நடக்கும்போதே அவன் இறந்ததாகத் தந்தி வந்தது. அவன் சம்சாரம் அதை நம்பவில்லை. தாலியைக் கழற்றவில்லை, கருமாதி செய்யவும் விடவில்லை.

சண்டை முடிந்த பிறகு, அவனோடு வேலை பார்த்த கெங்குவார்பட்டிக்காரர் வந்தார். மொம்பாசாவில் தம்பிக்குக் காய்ச்சல் கண்டதையும், தானே குழியில் மண் தள்ளியதையும் சொன்னார். பிறகு சாக்குப் பையிலிருந்து ஒரு கல் பொம்மையை எடுத்து வைத்தார். முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆள். சாம்பல் வெள்ளையில் ரோஸ் வரி ஓடியது.

அம்மா தடவிப் பார்த்தாள். “ஏலே, இது நம்ம கல்சட்டிக் கல்லுல்ல? இதுக்கா அம்புட்டுத் தூரம் போனான்?”

“மாக்கல்லுதான் ஆத்தா. அங்கன இதுல ஆளு, மாடெல்லாம் செய்யுறாக. தோண்டி எடுத்த ஈரத்துல கத்தியிலயே சீவலாம். கரும்பச்சையா இன்னொரு கல்லு இருக்கு, உளி தெறிக்கும். அனல்ல காட்டி மெழுகு தேச்சா கன்னங்கரேல்னு மின்னும். அதைத்தான் தடவிக்கிட்டே நின்னான். கனம்னு விட்டுட்டு இதை எடுத்தான், பொஞ்சாதிக்குன்னு.”

அன்றுதான் தம்பி சம்சாரம் அழுதாள். கருமாதிக்கும் தலையாட்டினாள்.

எங்கள் வழக்கத்தில் இறந்தவருக்காக ஒரு கல்லை ஊன்றி, கருமாதியன்று ஆற்றில் விடுவோம். விட்டவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. ஆற்றுக் கல்தான் எடுப்பது. அவன் கிடக்கிற மண்ணின் கல்லே இருக்கிறதே என்றார் ஒரு பங்காளி. அதற்கு முகம் இருப்பதை யாரும் யோசிக்கவில்லை.

புதுக் கல்சட்டியைப் பழக்குவதுபோல அவள் தினமும் அதற்கு விளக்கெண்ணெயும் மஞ்சளும் தேய்த்தாள்.

“பழக்கலேன்னா வெடிச்சுரும்ல மாமா” என்றாள்.

கல் எண்ணெயைக் குடித்துக் குடித்துக் கறுத்தது. கருமாதியன்று நான் அதைத் தூக்கியபோது அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். தோளும், ஒரு பக்கம் சாய்ந்த கழுத்தும் அப்படியே தம்பி.

முல்லையாற்றில் நெஞ்சளவு தண்ணீரில் நின்றேன். பெண்கள் அங்கே வருவதில்லை. அவள் வந்துவிட்டாள்.

“மாமா, அவுகளுக்கு நீச்சுத் தெரியாது.”

“விடுலே! கல்லுக்கு என்ன நீச்சு?” என்று கரையிலிருந்து பங்காளி கத்தினார். யாரோ சிரித்தார்கள்.

எண்ணெய்ப் பிசுக்கில் கல் கையிலிருந்து வழுக்கியது. நழுவ விட்டிருந்தால் முடிந்திருக்கும். நான் மார்போடு அணைத்துக்கொண்டேன். திரும்பி அவளைப் பார்த்தேன்.

பாதியில் நின்ற கருமாதியைப் பிறகு யாரும் எடுத்துச் செய்யவில்லை. தாலி அவள் கழுத்தில் இருக்கிறது. பொம்மை அடுப்படியில் இருக்கிறது. சனிக்கிழமைதோறும் அதற்கு எண்ணெய் தேய்க்கிறாள். அம்மா வெந்நீர் வைத்துக் கொடுக்கிறாள். கொல்லையில் செம்புச் சத்தம் கேட்டால் நான் அந்தப் பக்கம் போவதில்லை. அங்கே ஆள் குளிக்கும்போது எப்படிப் போவது?

சர்வசித்து வருடம், மாசி மாதம் ஒன்பதாம் தேதி.