நேரலையில் வந்த அக்காவின் குரல்

அவளை எல்லோரும் தையல்காரி என்றே அழைத்தார்கள். பள்ளிச் சீருடை தைக்கும் கூடத்தில் சட்டைகளுக்குக் காலர் வைப்பது அவள் வேலை. விடுமுறை நாட்களில், கொழுந்தன் மேளம் அடிக்க, பஸ் கண்டக்டர் ஒருவர் குழல் ஊத, நாட்டுப்புறப் பாட்டு பாடப் போவாள். பாடகி என்ற பெயர் நாற்பதைத் தாண்டிய பிறகுதான் கிடைத்தது.

அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தது ஒரே ஒரு பாட்டு. இறந்த குழந்தையைத் தாய் கூப்பிடுகிற பாட்டு. ‘பொத்தான் இன்னும் தைக்கலையே, அதுக்குள்ள பொறப்பட்டியே’ என்ற அடி வரும்போது கூட்டத்தில் இருமல் சத்தம்கூடக் கேட்காது.

உண்மையில் அது அவள் அக்காவின் அழுகை. பதினோரு வருடங்களுக்கு முன் அக்காவின் ஆறு வயது மகள் காய்ச்சலில் போனாள். அன்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லி அழுதாள் அக்கா. அவளைத் தாங்கிப் பிடித்திருந்த தையல்காரியின் மனதில் அந்த வரிகள் தங்கிவிட்டன. ஒருமுறை மேடையில் வேறு பாட்டு எதுவும் நினைவுக்கு வராமல் அதை எடுத்துப் பாடினாள். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. ஊரின் மறுகோடியில் இருந்த அக்கா எந்தக் கூட்டத்துக்கும் வருவதில்லை. சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைத்து, ஒவ்வொரு தடவையும் தள்ளிப்போட்டாள்.

சமுதாய வானொலியிலிருந்து அழைப்பு வந்தது. நூலகத்துக்கு மேலே இரண்டே அறைகள். சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவரெங்கும் முட்டை அட்டை ஒட்டியிருந்தது. மூன்று பேரும் முழங்கால் இடிக்க உட்கார்ந்து நேரலையில் பாடினார்கள்.

பாடி முடித்ததும் அறிவிப்பாளப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இந்தப் பாட்ட யாரும்மா கட்டினது?” என்று கேட்டாள்.

“யாருன்னு தெரியாதுங்க. காலங்காலமா பாடுறதுதான்.”

தொலைபேசியில் நேயர் ஒருவர் காத்திருந்தார். இணைப்பு கொடுத்தார்கள்.

“சின்னக்குட்டி, நான்தான் பேசுறேன்.”

வீட்டில் மட்டும் அழைக்கிற பெயர். அது அக்காவின் குரல்.

“காலங்காலமா பாடுறதா? பொத்தான் தைக்காம விட்டது நான்டி. உனக்குத் தெரியாதா?”

இணைப்பைத் துண்டிக்கப் போன அறிவிப்பாளரின் மணிக்கட்டைத் தையல்காரி பிடித்துக்கொண்டாள்.

“இருங்க. அது எங்க அக்கா பாட்டு. அவங்க புள்ளைய நெனச்சு அழுதது. நான் பொய் சொல்லிட்டேன்.”

அவள் சொல்லி முடிப்பதற்குள் மறுமுனையில் அக்கா போனை வைத்துவிட்டிருந்தாள். கொழுந்தன் என்ன செய்வதென்று தெரியாமல் மேளத்தை மெல்லத் தட்டிக்கொண்டிருந்தான்.

அங்கிருந்து நேரே அக்கா வேலை செய்த பேக்கரிக்குப் போனாள். அலமாரியில் வானொலி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா தட்டுகளைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்; நிமிர்ந்து பார்க்கவில்லை.

“வேற யாராவது பாடியிருந்தாக்கூடப் பொறுத்துக்குவேன். நீ என் பக்கத்துல உக்காந்திருந்தவ.”

“இனிமே பாட மாட்டேன்க்கா.”

“நீ பாடாட்டி? ரொட்டி வாங்க வந்த பொம்பள இப்ப அத முணுமுணுத்துக்கிட்டே போறா.”

அடுத்த தட்டைக் குழாயடியில் நீட்டினாள். பிறகு அக்கா கேட்டாள்: “கடைசி அடி வேற மாதிரி இருந்துச்சே?”

“மறந்துபோச்சுக்கா. நானா ஒண்ணு போட்டுக்கிட்டேன்.”

அக்காவின் கை நின்றது. “எனக்கும் மறந்துபோச்சு. நீயாவது வெச்சிருப்பேன்னு இத்தன நாளா நெனச்சிட்டிருந்தேன்.”

திட்டியதைவிட அதுதான் தையல்காரியை அடித்துப் போட்டது.

இருவரையும் சேர்த்துப் பேசவைக்க வானொலிக்காரர்கள் கேட்டார்கள், அக்கா மறுத்துவிட்டாள். தையல்காரி அந்தப் பாட்டை விட்டாள். மெல்ல மேடைகளும் குறைந்தன. கண்டக்டர் வேறு குழுவுக்குப் போனார். விடுமுறை நாட்களில் இப்போது அவள் அக்கா வீட்டுக்குப் போகிறாள். அக்கா கதவைத் திறக்கிறாள், டீ போட்டுத் தருகிறாள், அதிகம் பேசுவதில்லை. ஒருநாள் கிளம்பும்போது மட்டும் கேட்டாள்.

“கடைசி அடி ஞாபகம் வந்துச்சா?”

“இல்லக்கா.”

“சரி, பாத்துப் போ.”