வாசிப்பு மேடை, மரம், பழுது

போன வாரம் எங்கள் சபையின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பட்டியல் வந்தது. ஆலயத்தைப் புதுப்பிக்கிறார்கள், வேண்டாத சாமான்களைக் கழிக்கிறார்கள். பட்டியல் என்றால் எனக்குக் கடைசி வரி வரை படித்தாக வேண்டும். கறிவேப்பிலை வாங்கப் போனாலும் எண் போட்டு எழுதிக்கொண்டு போகிறவள் நான். மின்விசிறி இரண்டு, பழுது. இரும்பு நாற்காலி பதினொன்று, பழுது. பாய் ஆறு, கிழிந்தவை. நான்காவது வரியில் நின்றுவிட்டேன். வாசிப்பு மேடை, மரம், ஒன்று, பழுது.

அதற்கு ஒரு பழுதும் கிடையாது. புத்தகம் வைக்கிற சாய்பலகையின் வலது ஓரத்தில் மெழுகுவர்த்தி சுட்ட வடு ஒன்று உண்டு. அடியில் ஏறி நிற்க ஒரு படி. அவ்வளவுதான் அந்த மேடை. எட்டு வருடம் எங்கள் வீட்டில் அதைப் பற்றித்தான் பேச்சு.

இன்றைக்கும் சின்ன வெங்காயம் உரிக்கிற வாசம் வந்தால் எனக்கு வேதப் புத்தகம் ஞாபகம் வரும். அம்மாவுக்கு ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரி விடுதியின் சமையலறையில் வேலை. மனப்பாட வசனங்களை அட்டையில் எழுதி, அரிசி மூட்டைகளுக்கு மேலே சுவரில் ஒட்டிவைத்திருப்பாள். இட்லி ஆவியில் அட்டைகள் சுருண்டுகொள்ளும்; ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் புதிதாக எழுதித் தர வேண்டும். அவளுடைய வேதத்தைத் திறந்தால் எந்தப் பக்கமும் வெங்காயம்தான்.

வாடிப்பட்டிப் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்ட வீட்டுப் பிள்ளை அவள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. கல்யாணமாகி ஆனையூருக்கு வந்த பிறகுதான் ஞானஸ்நானம். ஞாயிறு ஆராதனையில் சபையார் ஒருவர் அந்தப் படியில் ஏறி வேதபாடம் வாசிப்பதைப் பார்த்துப் பார்த்து, தானும் ஒரு நாள் வாசிக்க வேண்டும் என்று பிடித்துக்கொண்டாள். சபைச் செயலரிடம் போய்க் கேட்டாள். ஞாயிறு பள்ளித் தேர்வில் ஆறு வகுப்பும் தேறினால்தான் வாசிப்போர் பட்டியலில் பெயர் வரும், அது சபை விதி என்றார் அவர். இதோடு விட்டுவிடுவாள் என்று நினைத்திருப்பார். அம்மா அடுத்த ஞாயிறே முதல் வகுப்புப் பாயில், ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தாள்.

ஆலய வாசலில் செயலர் மறித்துக் கேட்டார். “ஏம்மா, இம்புட்டுப் பிள்ளைகளுக்கு மத்தியில உக்காந்து பரீட்சை எழுதணுமா? வீட்டுல முழங்கால் போட்டு ஜெபம் பண்ணுனா போதாதா?”

“ஜெபம் பண்ணத் தெரியும்ணே. வாசிக்கத்தான் தெரியல.”

அப்போது எனக்குப் பதினொரு வயது. மதிப்பெண் அட்டையில் பெற்றோர் கையொப்பம் என்று ஓர் இடம் இருக்கும். அம்மாவின் அட்டையில் அந்த இடத்தில் நான்தான் கையெழுத்துப் போட்டேன். கண்டிப்பான பெற்றோர் நான். நாலாம் வகுப்பில் அவள் இரண்டு தடவை தவறியபோது, மேலே ஏறிப் போன வாண்டு ஒருத்தி, “ஆன்ட்டி மறுபடியும் பெயிலா?” என்று கேட்டாள். “பாத்துக்கிட்டே இரு, ஒன்னய முந்திப் போறேன்” என்றாள் அம்மா. முந்தவில்லை. ஆனால் எட்டாவது வருடம் ஆறாம் வகுப்பைத் தேறிவிட்டாள்.

அந்த வருடம் நான் பொறியியல் இரண்டாம் ஆண்டு. கணினி தெரிந்த பிள்ளை என்று சபையின் பழைய பதிவேடுகளைத் தட்டச்சு செய்யச் சொன்னார்கள். இரண்டு பட்டியல் கையில் கிடைத்தால் ஒப்பிட்டுப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. வாசிப்போர் பட்டியலில் பன்னிரண்டு பேர். பதிமூன்றாவதாக, மை காயாத குறையாக, அம்மா. தேர்வில் தேறியோர் பதிவேட்டில் அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர்கூட இல்லை. செயலரும் இல்லை. தீர்மானப் புத்தகங்களைப் புரட்டினேன். அப்படி ஒரு விதியே எழுதப்படவில்லை. நாற்று நட்ட வீட்டுப் பெண் ஒருத்திக்காக, அவள் கேட்ட நிமிடத்தில், வாயாலேயே செய்த விதி அது.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். தலைப்பைத் தடித்த எழுத்தாக்கி, ஓரம் சீராக்கி, அச்செடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். வாய் திறந்தால் பதிமூன்றாவது பெயரை அடித்துவிடுவார்களோ என்று பயம்.

அம்மாவின் ஞாயிறு வந்தது. எல்லோரும் தள்ளிவிடுகிற பகுதியைக் கொடுத்திருந்தார்கள்: இன்னார் இன்னாரைப் பெற்றார் என்று பெயர்களாகவே போகும் வம்ச வரலாறு. மூன்று வாரம் சமையலறைப் பெண்களிடம் வாசித்துக் காட்டிப் பழகினாள். வெங்காயத்தைக் கீழே வைக்காமல் அவர்கள் திருத்தினார்கள். அதே ஞாயிற்றில்தான் ஆலயத்தில் புதுத் திரையும் ஒலிபெருக்கியும் தொடங்கின. மடிக்கணினிக்கு நான். “நான் கையக் காட்டுனா அடுத்ததத் தட்டிவிடும்மா” என்று செயலர் சொல்லியிருந்தார்.

அம்மா எழுந்து போனாள். படியில் ஏறினாள். புத்தகத்தைத் திறந்து வரியில் விரலை வைத்தாள். செயலர் கையைக் காட்டினார். நான் தட்டினேன்.

யாரோ ஓர் ஆண் குரல் வேதபாடத்தை வாசிக்க ஆரம்பித்தது. பதிவு செய்த குரல், பளிங்கு மாதிரி. அம்மா இறங்கவில்லை. அந்தக் குரல் போகப் போக விரலை நகர்த்திக்கொண்டு, கடைசிப் பெயர் வரை நின்றாள். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அடுத்தது பாட்டு என்று நினைத்தேன் என்றுதான் இத்தனை வருடம் எனக்கே சொல்லிக்கொள்கிறேன். அது பொய். கோப்பின் பெயர் திரையில் தெளிவாக இருந்தது. நிறுத்தும் பொத்தான் என் விரலுக்கு அடியிலேயே இருந்தது.

வீட்டுக்கு வந்து அம்மா ஒன்றே ஒன்று சொன்னாள். “அந்தத் தம்பி நல்லாத்தான் வாசிச்சான். ரெண்டு எடத்துல மூச்சு விடாமப் போயிட்டான்.”

அதன் பிறகு ஞாயிறுதோறும் பதிவு செய்த குரல்தான்; வாசிப்போர் பட்டியல் போடப்படவில்லை. அம்மா படிப்பை விடவில்லை. மறுபடியும் முதலிலிருந்து எழுதுகிறேன் என்று வருடா வருடம் பாயில் உட்கார்ந்தாள். போன வருடம் தேர்வைக் கைபேசிக்கு மாற்றினார்கள். படிவத்தை நான் நிரப்பினேன். வயதுக் கட்டம் பதினேழுக்கு மேல் எதையும் ஏற்கவில்லை. என்னைப் போல் கணினி வேலை பார்க்கிற ஒருத்தி எழுதிய நிரல்தான் அதுவும். பதினேழு என்றே போடட்டுமா என்று கேட்டேன். “பொய் வயசு சொல்லி வேதம் படிக்கணுமா?” என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

போன வாரப் பட்டியலை அவளிடம் காட்டி, மேடையை நாமே எடுத்து வந்துவிடலாமா என்றேன்.

“வீட்டுல வச்சு என்ன செய்ய, துணி தேய்க்கவா?” என்றவள், பட்டியலை இன்னொரு தடவை விரல் வைத்து வாசித்தாள். “பழுதுன்னா போட்டிருக்கு? ஏற விட்டாத்தானடி ஒடையும்.”

நான்காவது வரி தவறு, மேடையில் பழுதில்லை என்று குழுவில் எழுதினேன். ஒருவர் மட்டும் கைகூப்பும் படம் போட்டார்.

நேற்று ஆராதனைக்குப் போனோம். மேடை நின்ற இடத்தில் ஒலிபெருக்கிப் பெட்டி நிற்கிறது. அம்மா உட்கார்ந்து எழுதிய பாய்கள் இல்லை. என் பதினொரு வயதுக் கையெழுத்துக்கு இடம் விட்ட மதிப்பெண் அட்டைகள் இல்லை. அம்மாவைப் போல் இன்னொருத்தி வந்து, நானும் வாசிக்கிறேன் என்று கேட்டால், அவளுக்காக ஒரு விதி செய்கிற சிரமம்கூட இனி யாருக்கும் இல்லை.