அப்பா மாற்றிய கடைசிக் காட்சி

மாலை ஆறேகாலுக்கு மகள் அலறினாள். பதறி ஓடினேன். ஃபோனை நீட்டித் துள்ளினாள். "மங்கா காமிக்ஸ் புத்தகத்துல செத்துப்போன ஹீரோவோட அம்மா, அனிமே படத்துல உயிரோட வந்துட்டாங்க! சீனையே மாத்திட்டாங்கம்மா!"

எனக்கும் துள்ளத் தோன்றியது.

என் சின்ன வயதில் அம்மா ஆபரேஷனுக்காகக் கண்டி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மாத்தளையில் எப்போதோ பார்த்த படத்தை அப்பா எங்களுக்கு நடித்துக்காட்டினார். பீடி நாற்றத்தோடு அவரே வில்லன், அவரே தாய். கடைசியில் தாய் பிழைத்து வீடு திரும்பினாள். கைதட்டினோம்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் அந்தக் கதையைச் சொன்னதும், கூடப் படிக்கும் மல்லிகா சிரித்தாள். "போடி, படத்துல அவ செத்துருவா."

அப்படியென்றால் எங்கள் அம்மா பிழைத்துவிடுவாள் என்பதையும் அப்பா மாற்றித்தான் சொல்கிறாரா? அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடினேன்.

வாசலில் வேன் நின்றது. அப்பாவின் தோளைப் பிடித்து இறங்கிய அம்மா என்னைப் பார்த்தாள்.

"யாரு செத்துட்டான்னு இப்படி அழுவுற? பசிக்குது, சோறு இருக்கா?"