மூன்றாவது பத்தி

ஒருவர் தன் வாழ்க்கையைப் பற்றிச் சொல்வது பொய் என்று தெரிந்தால் அதைத் திருத்துவதா, அல்லது அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்று யோசிப்பதா? படித்தவர்கள் இந்தக் கேள்வியைப் பல காலமாகச் சுமந்துகொண்டிருக்கிறார்கள். காதக்காவிடம் அது ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில், ஓர் ஒலிப்பதிவாக வந்து சேர்ந்தது.

பல்கலைக்கழகத்தின் மானிடவியல் துறையில் அவள் தட்டச்சர். மக்கள் எப்படிப் பிழைக்கிறார்கள், யாரை மணக்கிறார்கள், செத்தவரை எப்படி அனுப்பிவைக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் வீடு வீடாகப் போய்ப் பதிவு செய்து வருவார்கள். அதைக் கேட்டு எழுத்தில் ஏற்றுவது அவள் வேலை. முப்பத்தொரு வருடம். "இந்தத் துறைக்கு ரெண்டே காது, ரெண்டும் அவங்க கிட்டதான் இருக்கு" என்று யாரோ சொல்லப்போய்ப் பெயர் காதக்கா என்று நிலைத்துவிட்டது. கைகழுவும் தொட்டிக்கும் பழைய கோப்பறைக்கும் நடுவில் அவள் அறை. காலடியில் ஒரு மிதி; அமுக்கினால் பதிவு ஓடும், காலை எடுத்தால் நிற்கும். ஹெட்போனின் பஞ்சு தேய்ந்துபோனதால் அவளே துணி உறை தைத்துப் போட்டிருந்தாள்.

அவள் வேலைக்குச் சேர்ந்தபோது இருந்த துறைத் தலைவருக்கு எண்ணிக்கைதான் பேச்சு. "கதையெல்லாம் வேண்டாம்மா. யாரு, யாருக்கு என்ன உறவு, எத்தனை பேரு. அது போதும்" என்பார். அவருக்கும் முந்தைய காலத்து அறிக்கைகள் கோப்பறையில் கிடந்தன. அவற்றில் உலகத்து மனிதர்களையெல்லாம் ஓர் ஏணியில் ஏற்றி, யார் எந்தப் படி என்று எழுதியிருந்தார்கள். எழுதியவர்கள் உச்சிப் படியில் வசதியாக உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் அந்த ஏணியைப் பார்த்துச் சிரிப்பார். ஆனால் அவர் கையிலும் ஒரு சிவப்புப் பென்சில் இருந்தது. வீட்டில் ஏழு பேர் இருக்க, ஒருவர் ஐந்து என்று சொல்லியிருந்தால் ஓரத்தில் 'தவறு' என்று போடுவார்.

அடுத்து வந்த பேராசிரியை பென்சிலைத் தூக்கிப் போட்டார். "அவங்க வார்த்தையை மாத்தாதீங்க. இருமினா இருமல்னு போடுங்க. பேசாம இருந்தா எத்தனை செகண்டுன்னு போடுங்க." ஒரு பண்பாட்டை அதற்குள் இருப்பவரின் கண்ணால்தான் பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. நல்ல கட்சிதான். காதக்காவுக்கு வேலை மூன்று மடங்கானது.

இப்போதுள்ள ஆய்வாளர், ஒல்லியான மனிதர், இன்னும் ஒரு படி போனார். கேட்பவன் கடவுள் இல்லை, அவன் கேள்வியையும் எழுத வேண்டும். எழுதுபவரும் இயந்திரம் இல்லை. ஆகவே ஒவ்வொரு தாளிலும் நெடுக்காக மூன்று பத்திகள்: கேள்வி, பதில், எழுதுபவர் குறிப்பு.

"மூணாவதுல எதை வேணும்னாலும் போடுங்கக்கா."

"முதுகு வலிக்குதுன்னு போடலாமா?"

"தாராளமா!"

அவள் போடவில்லை. இருநூற்றுச் சொச்சம் பக்கம் அடித்தாகிவிட்டது. மூன்றாவது பத்தி துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது.

அன்றைய பதிவு, படுத்த படுக்கையான முதியவர்களை வீடுகளில் யார், எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்ற ஆய்வைச் சேர்ந்தது. பெயர் கிடையாது, எண்தான். வீடு பதினேழு. நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு ஒரு பெண் தொண்டையைச் செருமினாள். அந்தச் செருமலைக் காதக்கா பாவாடை கட்டிய நாளிலிருந்து கேட்டிருக்கிறாள். அவள் தங்கை.

"அப்பாவை நான்தாங்க பார்த்துக்கிட்டேன். பதினோரு வருஷம்."

காதக்காவின் கால் தானாக மிதியை விட்டு வந்துவிட்டது.

அந்தப் பதினோரு வருடத்தில் தங்கை பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருவாள். அப்பா படுத்திருந்த அறையின் நிலைப்படியைத் தாண்டமாட்டாள், தோள்பையை இறக்கமாட்டாள். "அந்த வாடை எனக்கு ஒத்துக்கலக்கா" என்பாள். அரைமணியில் கிளம்பிவிடுவாள். தூக்கியதும் துடைத்ததும் ஊட்டியதும் காதக்கா. மதிய இடைவேளையில் பஸ் பிடித்து வீட்டுக்கு ஓடி வந்ததும் அவள்தான். முதுகுவலி அந்த நாளின் மிச்சம். அப்பா போன பிறகு தங்கை குடும்பம் அந்த வீட்டுக்குக் குடிவந்தது. காதக்கா ஓர் ஒற்றை அறைக்குப் போனாள். சண்டை இல்லை. பேச எதுவும் இல்லை, அவ்வளவுதான். அக்கா ஏதோ ஆபீசில் டைப் அடிக்கிறாள் என்பதற்கு மேல் தங்கைக்குத் தெரியாது.

மிதியை மறுபடி அமுக்கினாள்.

"துண்டை நனைச்சுப் பிழிஞ்சு, கொதிக்கிற பாத்திரத்து மூடி மேல போடுவேங்க. ஒரு பக்கம்தான் சூடாகும். அதை என் கன்னத்துல வெச்சுப் பார்த்துட்டுத்தான் அப்பா முதுகுல வைப்பேன். நகம் வெட்டறதுதான் பெரும்பாடு. வலது கையைத் தொட்டா கத்துவாரு. அவரு பஸ் கண்டக்டரா இருந்தவரு. ஸ்டாப் பேரையெல்லாம் வரிசையா சொல்லிக்கிட்டே வருவேன், நடுவுல வேணும்னே ஒண்ணை மாத்திச் சொல்வேன். கோவம் வந்துடும். 'அட அறிவே, அது அடுத்த ஸ்டாப்பு!'ம்பாரு. திருத்தற மும்முரத்துல வலது கையைக் கொடுத்துடுவாரு."

கன்னத்தில் வைத்துப் பார்த்ததை யாரும் பார்க்கவில்லை என்றே காதக்கா இத்தனை நாளும் நினைத்திருந்தாள். நிலைப்படியில் நின்றவள் கடிகாரத்தைப் பார்க்கிறாள் என்று நினைத்திருந்தாள்.

"உங்க கூட வேற யாரும் இல்லையா?" ஆய்வாளரின் குரல்.

மௌனம். கணினி பதினான்கு விநாடி காட்டியது.

"ஒரு அக்கா இருக்கா. வேலைக்குப் போறவ. பாவம், அவளுக்கு நேரமில்ல."

கோப்பறையைக் கூட்டிக்கொண்டிருந்த அட்டெண்டர் எட்டிப் பார்த்தார். "என்னக்கா, தனியா சிரிக்கிறீங்க?"

"சிரிக்கலை. கால் மரத்துப் போச்சு."

"மரத்துத்தான் போகும். ஏணி போச்சு, பென்சில் போச்சு, நானும் விளக்கமாறும் நீங்களும்தான் போகாம கிடக்கிறோம்" என்றபடி அவர் நகர்ந்தார்.

மதியம் ஆய்வாளர் வந்தார். "பதினேழு கேட்டீங்களா? மத்த வீடுங்கள்ல 'பார்த்துக்கிட்டோம்'னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டாங்க. இது ஒண்ணுதான் விலாவாரியா வந்திருக்கு. புத்தகத்துல முழுசா போடப்போறேன்."

"அவங்க சொல்றது பொய்யா இருந்தா?"

"இருக்கட்டுமேக்கா. அவங்க தன்னை எப்படிப் பார்க்கறாங்கங்கறதுதான் நமக்கு வேணும்."

"பழைய தலைவர்னா பென்சிலை எடுத்திருப்பாரு."

"அதுக்குப் பதிலாத்தானே உங்களுக்கு ஒரு பத்தியே கொடுத்திருக்கேன்?" சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

பென்சில் இருந்திருந்தால் பொய்யோடு துண்டும் போயிருக்கும். இந்த மனிதரின் முறையில் துண்டு தங்கும், பொய்யும் தங்கும். இரண்டும் ஒரே நிறை. எந்த முறையும் எல்லாவற்றையும் பார்த்துவிடுவதில்லை. ஆனால் அந்தப் பதினோரு வருடத்துக்கு உலகத்தில் வேறு பதிவு கிடையாது. இருப்பது இது ஒன்று. இதில் எல்லாம் சரியாக இருந்தது, ஆளைத் தவிர. 'அது நான்' என்று இரண்டே சொல். அடித்தால் அச்சில் ஏறிவிடும்.

அவள் முதல் இரண்டு பத்திகளையும் ஒழுங்காக முடித்தாள். செருமலைப் போட்டாள். பதினான்கு விநாடியைப் போட்டாள். 'பாவம்' என்பதையும் விடவில்லை. பிறகு, அந்த வேலையில் முதல் தடவையாக, மூன்றாவது பத்திக்குப் போனாள்.

'சொன்னது எல்லாம் சரி. எனக்குத் தெரியும்.'

மறுநாள் காலை ஆய்வாளர் அந்தப் பக்கத்தைக் கையில் பிடித்தபடி வந்து நின்றார். "உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

"வீடு பதினெட்டு எங்கே?" என்று கேட்டாள் காதக்கா. ஹெட்போனின் துணி உறையைச் சரிசெய்து காதில் மாட்டிக்கொண்டாள்.